புது மேனேஜருக்கு எத்தனை காலம் பொறுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் மேனேஜரை, அதாவது தலைமைப் பயிற்சியாளரை, மாற்றினால் மூன்றாவது தோல்விக்குள் சண்டை மூண்டுவிடும். ‘மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசனுக்கு நாலு வருஷம் பொறுத்தார்களே’ என்று ஒரு கோஷ்டி. ‘டூகல் செல்சிக்கு வந்த நாலு மாதத்தில் ஐரோப்பாவின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கையே தூக்கினாரே’ என்று இன்னொரு கோஷ்டி. இரண்டும் நடந்தவைதான். ஆனால் ஒருவர் பழைய வீட்டை இடித்துக் கட்டினார், மற்றவர் பூட்டிக் கிடந்த நல்ல வீட்டைத் திறந்து விளக்கேற்றினார். எந்த வேலைக்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கணக்குப் போடத்தான் கீழே உள்ள கேள்விகள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு காலம்?

அணி சரியான வழியில் போகிறதா என்று தெரிந்துகொள்ள மூன்று டிரான்ஸ்ஃபர் விண்டோவும் (கோடையிலும் ஜனவரியிலும் வீரர்களை வாங்கி விற்கும் காலம்) ஒரு முழு ப்ரீ-சீசனும் (சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலம்) வேண்டும். நாள் கணக்கில் இது ஏறக்குறைய 15 முதல் 18 மாதம். அந்த அணி கோப்பைக்குப் போட்டி போடும் நிலைக்கு வர மூன்று கோடைக்காலம் பிடிக்கும். இவை நடுத்தரக் கணக்குகள். பழைய மேனேஜர் விட்டுப்போன அணிக்கும் புதியவர் ஆட நினைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து இது கூடும், குறையும்.

அந்தத் தூரத்தை எப்படி அளப்பது?

முதல் பதினொருவரில் எத்தனை இடத்துக்கு வேறு ஆள் தேவை என்று எண்ணிப் பாருங்கள். யர்கன் கிளாப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்தார். 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியைத் தொடங்கிய பதினொருவரில், அவர் வந்த நாளில் கிளப்பில் இருந்தவர்கள் மூன்று பேர்தான்: ஹெண்டர்சன், ஃபிர்மினோ, அப்போது கிளப்பின் இளம் வீரர் அகாடமியில் இருந்த டிரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட். மற்ற எட்டு பேரும் பிறகு வந்தவர்கள். 2016 கோடையில் மானே, வைனால்டம், மாட்டிப். 2017 கோடையில் சலா, ராபர்ட்சன். 2018 ஜனவரியில் வான் டைக். அந்தக் கோடையில் அலிசனும் ஃபாபின்யோவும்.

ஆர்சனலைப் பாருங்கள். மிகெல் அர்ட்டெட்டா 2019 டிசம்பரில் பொறுப்பேற்றார். 2022-23 சீசனில் 84 புள்ளியோடு இரண்டாமிடம் பிடித்தபோது அவருடைய வழக்கமான பதினொருவரில் ஏழு பேர் அவர் காலத்தில் வாங்கப்பட்டவர்கள். 2020 கோடையில் கேப்ரியல், பார்ட்டி. 2021-இல் ரேம்ஸ்டேல், பென் வைட், ஓடெகார்ட். 2022-இல் ஜெசுஸ், ஜின்சென்கோ. இரண்டு, மூன்று, இரண்டு.

இந்த இரண்டு கிளப்களுமே நன்றாக ஆள் பிடித்தவை. அவற்றாலேயே ஒரு கோடையில் சராசரியாக இரண்டு மூன்று இடத்தைத்தான் உருப்படியாக நிரப்ப முடிந்தது. வாங்கிய எல்லோரும் தேறவும் இல்லை. ஏழெட்டு இடம் மாற வேண்டிய அணி என்றால் மூன்று கோடை என்பது தாராள மனசு இல்லை, வெறும் கூட்டல் கணக்கு.

தூரமே இல்லாத அணிக்கு நேரமும் தேவையில்லை. கிளாபுக்குப் பின் 2024-இல் வந்த ஆர்னே ஸ்லாட், அந்தக் கோடையில் முதல் அணிக்கென்று கியேசா ஒருவரைத்தான் எடுத்தார். அவரும் அதிகம் ஆடவில்லை. முதல் சீசனிலேயே லீக் பட்டம் வந்தது.

மாதக் கணக்கில் சொன்னால் என்ன தவறு?

நவம்பரில் வந்தவருக்கும் ஜூனில் வந்தவருக்கும் ஆறு மாதம் ஒன்றல்ல. மேனேஜரின் கையில் இருக்கும் உண்மையான சரக்கு பயிற்சி நாள்.

வாரம் ஒரே ஆட்டம், அதுவும் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு, ஆடியவர்கள் உடம்பைத் தேற்றுவார்கள். திங்கள் ஓய்வு. செவ்வாயும் புதனும் முழு வேகப் பயிற்சி. வியாழன் எதிரணிக்கு ஏற்ற திட்டம். வெள்ளி லேசான நடை, கார்னர், ஃப்ரீ கிக். புதிதாக எதையாவது கற்றுக்கொடுக்க வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.

வியாழன்-ஞாயிறு என்று ஐரோப்பியப் போட்டியும் சேர்ந்தால் கதை வேறு. வெள்ளி தேறுதல், சனி லேசான பயிற்சி, ஞாயிறு ஆட்டம், திங்கள் தேறுதல், செவ்வாய் பாதி வேகம், புதன் பயணம். கற்றுக்கொடுக்க வாரத்துக்கு ஒரு நாள் கிடைத்தாலே அதிகம். பத்து வாரத்தில் முதல் அணிக்கு 30 பாடம், இரண்டாவது அணிக்கு 10-ஐத் தொடாது. 2021-22 சீசனில் 25 ஆண்டுகளில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டி இல்லாமல் ஆடிய ஆர்சனல், முந்தைய சீசனின் 61 புள்ளியிலிருந்து 69-க்கு ஏறியது. அதில் புது ஆட்களின் பங்கு பெரிது. வாரம் முழுக்கப் பயிற்சி கிடைத்ததற்கும் ஒரு பங்கு உண்டு.

சீசன் நடுவில் வந்தவரை எப்படி எடைபோடுவது?

அந்த அரை சீசனின் புள்ளிகளை வைத்து அவரைத் தீர்மானிக்காதீர்கள். ரூபன் அமோரிம் 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து எடுத்த எடுப்பில் மூன்று சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்), இரண்டு விங் பேக் (கோட்டோரம் ஏறி இறங்கி ஆடுபவர்) என்று அமைப்பை மாற்றினார். அந்த சீசனில் அவர் கீழ் நடந்த 27 லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 6 டிரா, 14 தோல்வி. அணி 42 புள்ளியோடு 15-ஆம் இடத்தில் முடித்தது. நடுவில் வந்த ஜனவரி விண்டோவில் விங் பேக் இடத்துக்குக் கிடைத்தவர் டோர்கு ஒருவர்தான். ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக்கில் இறுதி வரை போனதால் மே மாதம் வரை நிம்மதியான ஒரு பயிற்சி வாரம்கூட அரிதாகவே அமைந்தது.

இதை வைத்து அமோரிம் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. கையில் இருந்த ஆட்களுக்குப் பழகிய நால்வர் தடுப்பில் அந்த சீசனை ஒப்பேற்றிவிட்டு, கோடையில் மாற்றத்தைத் தொடங்கியிருக்கலாம் என்பது நியாயமான விமர்சனம்தான். நடுவில் வருபவர் எடுக்கும் முதல் பெரிய முடிவே அது: இப்போதே மாற்றுவதா, கோடை வரை பொறுப்பதா?

அப்படியானால் டூகலும் எமெரியும் எப்படி நடு சீசனில் ஜெயித்தார்கள்?

டூகல் 2021 ஜனவரி 26-இல் செல்சியில் சேர்ந்தார். அப்போது அணி ஒன்பதாவது இடத்தில் இருந்தது. அவரும் மூவர் தடுப்புக்குத்தான் மாறினார். ஆனால் அஸ்பிலிகுவெட்டாவும் மார்கோஸ் அலோன்சோவும் முன்னாள் மேனேஜர் கோன்டே காலத்திலேயே அதே அமைப்பில் லீக் பட்டம் வென்றவர்கள். ரீஸ் ஜேம்ஸும் சில்வெலும் விங் பேக் ஆடவே பிறந்தவர்கள் மாதிரி. ஆள் தேடும் வேலையே இல்லை. மே 29-இல் போர்ட்டோவில் மான்செஸ்டர் சிட்டியை 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

உனாய் எமெரியின் கணக்கில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. அவர் ஆஸ்டன் வில்லாவில் பொறுப்பேற்றது 2022 நவம்பர் 1. யுனைடெட்டையும் பிரைட்டனையும் வென்ற கையோடு, கத்தார் உலகக் கோப்பைக்காக லீக் ஆறு வாரம் நின்றது. உலகக் கோப்பைக்குப் போகாத வீரர்களை வைத்து, சீசன் நடுவிலேயே அவருக்கு ஒரு ப்ரீ-சீசன் கிடைத்துவிட்டது. கீழ் வரிசையில் தவித்த அணி ஏழாமிடத்தில் முடித்தது. எமெரியின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆறு வாரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுசாகும்.

நால்வர் தடுப்பிலிருந்து மூவருக்கு மாறுவது அவ்வளவு கஷ்டமா? ஒரு ஆள் இடம் மாறி நிற்பதுதானே?

தாளில் அப்படித்தான் தெரியும். மைதானத்தில் ஒரே ஒரு பாஸை எடுத்துக்கொள்வோம்.

நம் அணி 3-4-2-1: மூன்று தடுப்பாளர், நடுவில் நால்வர், அவர்களுக்கு முன் ‘பத்தாம் நம்பர்’ இருவர், ஒரு ஸ்ட்ரைக்கர். எதிரணி நால்வர் தடுப்பு. பந்து அவர்களுடைய இடது சென்டர் பேக்கிடம் இருக்கிறது. நம் வலதுபக்க ‘பத்தாம் நம்பர்’ அவரை நெருக்குகிறார். அவர் பந்தைக் கோட்டோரம் நிற்கும் இடது ஃபுல் பேக்குக்கு (ஓரத் தடுப்பாளர்) தள்ளுகிறார். பழைய அமைப்பில் அந்த ஃபுல் பேக்கை நம் விங்கர் (ஓரத் தாக்குதல் வீரர்) பார்த்துக்கொள்வார், பக்கத்திலேயே நிற்பார். இப்போது விங்கர் கிடையாது. நம் வலது விங் பேக் இருபது மீட்டர், இருபத்தைந்து மீட்டர் முன்னால் பாய வேண்டும். அவர் பாய்ந்ததும் அவர் முதுகுக்குப் பின்னால் எதிரணி விங்கர் தனியாகிறார். அவரைப் பிடிக்க நம் மூவரில் வலதுபக்க சென்டர் பேக் நடுவை விட்டுக் கோட்டோரம் ஓட வேண்டும். அவர் விட்ட இடத்துக்கு நடு சென்டர் பேக், நடுவுக்கு இடது சென்டர் பேக், அவர் விட்ட இடத்துக்கு மறுபக்க விங் பேக். ஒரு பாஸ், ஐந்து பேர் நகர்வு, எல்லாம் ஒன்றரை விநாடிக்குள்.

பத்து வருஷமாக ‘பெனால்டி பெட்டியை விட்டு வெளியே போகாதே’ என்று பழகிய சென்டர் பேக் அந்தக் கணத்தில் அரை விநாடி யோசிப்பார். விங்கர் திரும்பிவிடுவார், அவர் முன்னால் முப்பது மீட்டர் வெற்று நிலம். டிவியில் நமக்குத் தெரிவது பின்னால் துரத்திக்கொண்டு வரும் விங் பேக். திட்டு அவருக்கு விழும். தவறு செய்தவர் படத்திலேயே இருக்க மாட்டார்.

இந்தத் தயக்கம் வாயால் சொல்லிப் போவதில்லை. இதே காட்சியை இடதிலும் வலதிலும், எதிரணி ஆள் அமைப்பு மாற மாற, உடம்பு தானாக நகரும் வரை திரும்பத் திரும்ப ஆட வேண்டும். வாரம் ஒரு பயிற்சி நாள் கிடைக்கும் அணியால் இதைச் சீசன் நடுவில் முடிக்க முடியாது.

முதல் பத்து ஆட்டத்தில் முடிவைப் பார்க்காமல் வேறு எதைத்தான் பார்ப்பது?

கோல் வாய்ப்புகளின் தரத்தை. எக்ஸ்ஜி என்று சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு ஷாட்டும் அந்த இடத்திலிருந்து கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று 0-வுக்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண். பெனால்டிக்கு 0.78 அளவில் போடுவார்கள். 25 மீட்டர் தள்ளி அடிக்கும் ஷாட்டுக்கு 0.03 கிடைத்தால் பெரிது. நாம் உண்டாக்கியதிலிருந்து எதிரணி உண்டாக்கியதைக் கழித்து, பத்து ஆட்டத்துக்குக் கூட்டுங்கள். ஒரே ஆட்டத்தின் எண்ணைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள், அதில் அதிர்ஷ்டமே பாதி.

பெனால்டியைத் தனியாக எடுத்துவிடுங்கள். சிவப்பு அட்டை விழுந்த ஆட்டங்களையும். 3-0 முன்னிலைக்குப் பிறகு எதிரணி சும்மா அடித்த ஷாட்டுகளும் எண்ணைக் குழப்பும்.

பந்து வைத்திருப்பவரைத் துரத்தி நெருக்கும் ஆட்டம் ஆட வந்த மேனேஜர் என்றால், நம் ஆள் ஒரு முறை பந்தைப் பறிக்கவோ தடுக்கவோ பாய்வதற்குள் எதிரணி சராசரியாக எத்தனை பாஸ் போடுகிறது என்ற எண்ணையும் பாருங்கள். பத்துக்குக் கீழே என்றால் நன்றாக நெருக்குகிறார்கள். பதினைந்து என்றால் வேடிக்கை பார்க்கிறார்கள். மேனேஜர் சொல்வது ஒன்றாகவும் இந்த எண் வேறாகவும் இருந்தால், வீரர்கள் இன்னும் நம்பவில்லை அல்லது உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று அர்த்தம்.

ஃபெர்குசனுக்குக் கொடுத்த மாதிரி எல்லோருக்கும் கொடுத்தால் என்ன?

ஃபெர்குசன் 1986 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்தார். முதல் சீசன் 11-ஆம் இடம், அடுத்தது 2, பிறகு மறுபடி 11, 1989-90-இல் 13. அந்த ஆண்டு செப்டம்பரில் சிட்டியிடம் 5-1 தோல்வி. ஜனவரியில் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை மார்க் ராபின்ஸ் அடித்த ஒரே கோலால் வென்றார்கள். அந்தக் கோப்பையையே கடைசியில் ஜெயித்தார்கள். லீக் பட்டம் 1993-இல்.

இதைச் சொல்பவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அன்று 13-ஆம் இடத்தில் முடிப்பதன் செலவு குறைவு. 1985-இல் ஹெய்சல் மைதானத்தில் ரசிகர்கள் இறந்த துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்களுக்கு ஐரோப்பாவில் தடை இருந்தது. கோடிகளைக் கொட்டும் சாம்பியன்ஸ் லீக் பிறக்கவே இல்லை. இன்று சாம்பியன்ஸ் லீக் இடம் தவறினால் அடுத்த கோடையின் பட்ஜெட்டே ஆட்டம் காணும். இரண்டாவது, அவர் சும்மா காத்திருக்கவில்லை. இளைஞர் தேடலை அடியோடு மாற்றினார். 1989-இல் பாலிஸ்டர், இன்ஸ் என்று அணியின் முதுகெலும்பையே வாங்கினார். தோல்விக்கு நடுவிலும் எண்ணிக் காட்ட அவரிடம் வேலை இருந்தது. ‘ஃபெர்குசன் மாதிரி பொறுங்கள்’ என்று கேட்கும் மேனேஜரிடம் அந்தப் பட்டியலைக் கேட்கலாம்.

அர்ட்டெட்டாவை 2020 டிசம்பரில் அனுப்பியிருக்க வேண்டாமா? அன்று எதைப் பார்த்து விட்டுவைத்தார்கள்?

நியாயமான கேள்வி. தொடர்ந்து ஏழு லீக் ஆட்டம் வெற்றியில்லை. கிறிஸ்துமஸ் அன்று 14 ஆட்டத்தில் 14 புள்ளி, 15-ஆம் இடம். ஆகஸ்டில் வென்ற எஃப்ஏ கோப்பையின் பாதுகாப்பு தீர்ந்துவிட்டது. டிசம்பர் 26-இல் செல்சியோடு ஆட்டம். ஸ்மித் ரோ, சாகா, மார்ட்டினெல்லி என்று பொடியன்களை இறக்கி 3-1 என வென்றார்கள்.

அன்றைய எண்களை வைத்துப் பார்த்தால் தாக்குதல் உண்மையிலேயே மோசம், துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. விட்டுவைத்ததற்குக் காரணம் வேறு: அணியில் யார் போக வேண்டும், எந்த வயதில் யார் வர வேண்டும் என்பதில் மேனேஜருக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே கருத்து. 2021 கோடையில் எடுத்த ஆறு பேருமே 23 வயது அல்லது அதற்குக் கீழ். அப்படியும் அந்த சீசனின் முதல் மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் அடிக்காமல் 9 வாங்கி லீக்கின் அடியில் கிடந்தார்கள். புது ஆட்களில் சிலர் அப்போது லீக்கில் இறங்கவே இல்லை.

எல்லாம் சரியாகவும் நடந்துவிடவில்லை. 2022 ஜனவரியில் ஆபமெயாங்கை அனுப்பிவிட்டு மாற்று ஸ்ட்ரைக்கர் எடுக்காமல் விட்டார்கள். சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி தந்த நாலாமிடம் இரண்டே புள்ளியில் கைநழுவியது.

பிடிக்காத வீரர்களை உடனே அனுப்பிவிட்டால் வேகமாக மாறலாமே?

சம்பளம்தான் தடை. பெரிய சம்பளத்தில் இருப்பவரை அதே சம்பளத்துக்கு எடுக்க வேறு கிளப் வராது. அவரும் ஒப்பந்தத்தை விட்டு ஏன் போக வேண்டும்? இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்களில் வளர்ந்தவர் அல்லாத வீரர்களுக்கு, லீக்கில் பதிவு செய்யும் 25 பேர் பட்டியலில் 17 இடம்தான் என்பதால், அந்த இடத்தையும் அடைத்துக்கொண்டிருப்பார். ஆர்சனல் 2020 அக்டோபரில் ஓசிலைப் பட்டியலிலிருந்தே விட்டது. அதற்குப் பிறகும் ஜனவரி வரை சம்பளம் கொடுத்தது. அவரோடு சோக்ராட்டிஸ், அடுத்த கோடையில் வில்லியன், பிறகு ஆபமெயாங் என்று ஒப்பந்தத்தை நடுவில் முறித்தே அனுப்ப வேண்டியிருந்தது. விற்றுக் காசு பார்க்கவில்லை.

விற்க முடிந்தாலும் கணக்குப் புத்தகம் குறுக்கே நிற்கும். 5 கோடி பவுண்டுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் வாங்கிய வீரரின் விலை ஆண்டுக்கு 1 கோடி என்று கழியும். இரண்டு வருஷத்தில் புத்தகத்தில் 3 கோடி மிச்சம் நிற்கும். அவரை 2 கோடிக்குத் தள்ளிவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கில் 1 கோடி நஷ்டம். மூன்று ஆண்டில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்பதுதான் பிரீமியர் லீக் வெகுநாளாக வைத்திருந்த வரம்பு. மேனேஜர் போன பின்னும் அவர் கேட்ட ஆட்கள் கணக்கில் மூன்று நாலு வருஷம் தங்கிவிடுகிறார்கள். மேனேஜரை அடிக்கடி மாற்றும் கிளப்புக்கு நேரம் போதாமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஆள் எடுப்பது மேனேஜரா, கிளப்பா?

இன்று பெரும்பாலும் கிளப்பின் ஸ்போர்ட்டிங் டைரக்டர். கிளப் ஒரே பாணிக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருந்தால் மேனேஜர் மாறினாலும் தூரம் குறைவு. பிரைட்டனில் 2022 செப்டம்பரில் கிரஹாம் பாட்டர் போய் டி ஜெர்பி வந்தார். நடு சீசன்தான். ஆனாலும் ஆறாமிடம், கிளப் வரலாற்றில் அதுவே சிறந்தது. அதே பாட்டர் செல்சிக்குப் போனார். அங்கே ஜனவரியில் ஆட்களை வாரிக் குவித்தார்கள். பயிற்சிக்கு வந்தவர்களுக்கு உடை மாற்றும் அறையில் இடம் போதவில்லை என்கிற அளவுக்குக் கூட்டம். ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள். அவருடைய ஒப்பந்தம் ஐந்து வருஷம். டேவிட் மோய்ஸுக்கு யுனைடெட் கொடுத்தது ஆறு வருஷம், பத்து மாதம் தாங்கியது. ஒப்பந்தத்தின் நீளத்தைப் பொறுமையின் நீளம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாலே ஆட்டத்தில் அனுப்புவது எப்போதாவது சரியாகுமா?

கிரிஸ்டல் பேலஸ் 2017-இல் ஃபிராங்க் டி போயரை நாலு லீக் ஆட்டம் முடிந்ததும் அனுப்பியது. நாலும் தோல்வி, ஒரு கோலும் இல்லை. அவருக்குப் பின் வந்த ராய் ஹாட்ஜ்சனும் முதல் மூன்று லீக் ஆட்டத்தைக் கோலடிக்காமல் தோற்றார். லீக்கில் ஏழு ஆட்டம், பூஜ்யம் கோல். அப்படியிருந்தும் அணி 11-ஆம் இடத்தில் முடித்தது.

முடிவு பலித்தது உண்மை. ஆனால் தவறு நாலு ஆட்டத்துக்கு முன்பே, ஆளைத் தேர்ந்தெடுத்த அன்றே நடந்துவிட்டது. ஒதுங்கி நின்று எதிர்த்தாக்குதல் ஆடிப் பழகிய அணிக்கு, பந்தை வைத்து ஆடும் மேனேஜரைக் கூட்டி வந்துவிட்டு, அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுக்க மனமில்லை. 2025-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இதையே செய்தது: முந்தைய மேனேஜர் நூனோவின் தாழ்ந்த தடுப்புக்குப் பழகிய அணியை, தடுப்பை மேலே ஏற்றி ஆடும் போஸ்டகோக்லுவிடம் செப்டம்பரில் ஒப்படைத்தது. எட்டு ஆட்டத்தில் ஒரு வெற்றியும் இல்லை, 39-ஆம் நாள் அனுப்பியது.

மேனேஜரை மாற்றியதும் அணி ஜெயிக்கத் தொடங்குகிறதே?

பாதி நிஜம், பாதி மாயை. மேனேஜரைத் தூக்குவது அணி தன் தகுதிக்கும் கீழே விழுந்து கிடக்கும் வேளையில். அதற்குப் பிறகு எதிர்பார்க்க வேண்டியது எழுச்சிதான், யார் வந்தாலும். நெதர்லாந்து லீக்கை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, இதே மாதிரி சரிந்தும் மேனேஜரை மாற்றாமல் விட்ட அணிகளும் ஏறக்குறைய அதே போல எழுந்ததைக் காட்டியது. ஆட்ட அட்டவணையையும் பாருங்கள். சிட்டி, ஆர்சனல், லிவர்பூல் என்று வரிசையாக ஆடித் தோற்ற பிறகு அனுப்பினால், புதியவருக்கு வாய்ப்பது சுலபமான மூன்று ஆட்டம்.

கப் ஒன்று ஜெயித்தால் கூடுதல் காலம் தரலாமா?

கப்பைத் தீர்மானிப்பது நாக்-அவுட் சுற்றுகள், அவை ஏழெட்டு ஆட்டத்தில் முடிந்துவிடும். 38 ஆட்டம் சொல்வதை அது சொல்லாது. போஸ்டகோக்லு டாட்டன்ஹாமுக்கு 17 ஆண்டுக்குப் பின் முதல் கோப்பையாக 2025 யூரோப்பா லீக்கை வென்று கொடுத்தார். அதே சீசனில் லீக்கில் 22 தோல்வி, 17-ஆம் இடம். இறுதிப் போட்டி முடிந்த 16-ஆம் நாள் அனுப்பிவிட்டார்கள். ரசிகர் மனசு கேட்காது, ஆனால் முடிவில் தர்க்கம் இருந்தது. தடுப்பாட்டக்காரர்கள் பாதி சீசன் காயத்தில் கிடந்தார்கள் என்பதை எவ்வளவு தூரம் கணக்கில் எடுத்தார்கள் என்பதுதான் விவாதத்துக்கு உரியது.

காலம் முடியும் முன்பே அனுப்பலாம் என்பதற்கு அறிகுறி எது?

வாரத்துக்கு ஒரு அமைப்பு மாறுவது. அவரே கேட்டு வாங்கிய ஆட்களை அவரே உட்கார வைப்பது. பதினைந்து ஆட்டத்துக்குப் பிறகும் ஒரே மாதிரி கோல் வாங்குவது, அதுவும் கார்னரில். திறந்த ஆட்டத்துக்குக் காலம் பிடிக்கும். கார்னர் தடுப்பு அப்படியல்ல, யார் எங்கே நிற்பது என்று ஒரு மாதத்தில் சொல்லித் தரலாம். அதைக்கூடச் சரிசெய்யாதவர் மற்றதைச் செய்துகொண்டிருப்பார் என்று நம்புவது கடினம். இருபது வயதுக்காரர் ஒருவர்கூட அவர் கையில் மெருகேறாமல் இருப்பதும் கெட்ட சகுனம்.

கீழ் டிவிஷனுக்கு இறங்கும் ஆபத்து நிஜமாக இருந்தால் மேலே சொன்ன 18 மாதக் கணக்கு செல்லாது. அங்கே ஜனவரி விண்டோ திறக்கும் முன் முடிவெடுத்துவிட வேண்டும். பிப்ரவரியில் எடுக்கும் முடிவு, வந்தவருக்கு ஆளும் இல்லாமல் நாளும் இல்லாமல் செய்துவிடும்.

இந்தக் கணக்கு நம் ஐஎஸ்எல்லுக்கும் (இந்தியன் சூப்பர் லீக்) பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. வெளிநாட்டு வீரர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷம்தான், அணி தானாகவே கலைந்து சேரும். சீசனும் சிறியது. 2019-20-இல் சென்னையின் எஃப்சி ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றியோடு தவித்தபோது ஜான் கிரிகரி போய் ஓவன் காயல் வந்தார். 18 ஆட்ட லீக்கில் நாலாமிடம், அரையிறுதியில் கோவாவை மொத்தம் 6-5 என்று தாண்டி இறுதி வரை போனார்கள். அங்கே ஏடிகேயிடம் 3-1 தோல்வி. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ எல்லாம் ஏற்கெனவே அணியில் இருந்தவர்கள். தூரம் குறைவு என்று மேலே சொன்ன வகை இது.

எண்கள் எதுவும் இல்லாமல், டிவி முன்னால் உட்கார்ந்து நானே சோதிக்க வழி உண்டா?

உண்டு. கோல் கிக் எடுக்கும்போது நம் சென்டர் பேக்குகள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்தடுத்த ஐந்து ஆட்டத்தில் அதே இடத்தில் நின்றால் பயிற்சியில் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. ஆளாளுக்கு ஓர் இடத்தில் நின்றால் இல்லை. பந்து பறிபோன அடுத்த ஐந்து விநாடியில் பக்கத்தில் உள்ள மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். மூவரும் ஒரே திசையில், முன்னாலோ பின்னாலோ, நகர்ந்தால் திட்டம் இருக்கிறது. ஒருவர் முன்னால் பாய்ந்து இருவர் பின்வாங்கினால் அந்த நடு இடைவெளியில்தான் கோல் விழும். பிறகு 70-ஆம் நிமிஷம், ஒரு கோல் பின்தங்கிய நிலை. அணி பழையபடி தன் ஆட்டத்தையே ஆடுகிறதா, இல்லை பெட்டிக்குள் தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்துவிட்டதா? நவம்பரில் பார்த்ததை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் அதே மூன்றையும் மறுபடி பாருங்கள்.